புருவத்தில் வைத்த சந்தனம்

மாமாவின் கமராவுக்கு மூன்று கண்கள். ஓரத்துக் கண்கள் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே காட்சியை இரண்டு படங்களாக எடுக்கும். நடுக்கண், எடுப்பவர் குறிபார்ப்பதற்கு. இரண்டு படங்களையும் ஓர் அட்டையில் அருகருகே பொருத்தி, அதற்கென்று உள்ள பெட்டிக்குள் செருகி, இரு கண்களாலும் பார்த்தால் காட்சி தட்டையாக இராது. கிட்ட இருப்பது கிட்டவும் எட்ட இருப்பது எட்டவும் நிற்கும். மாமா இதை எங்களுக்குப் பலமுறை விளக்கினார். ஒருவரும் நம்பவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. தென்னிலங்கைப் பட்டினம் ஒன்றில் கடை வைத்திருந்தவர், 1958ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், வடக்கே தீவொன்றில் உள்ள எங்கள் ஊரான மடத்துவெளிக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். வந்தது வைகாசிக் கடைசியிலா, ஆனி முதலிலா என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் கடைசிவரை கருத்து வேறுபாடு இருந்தது. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் கமராவும் பார்க்கும் பெட்டியும். வேறு ஒன்றும் இல்லை. எனக்கு அப்போது பத்து வயது.

பக்கத்து வளவில், வேலையிலிருந்து இளைப்பாறிய வாத்தியார் ஒருவர் இருந்தார். எதையும் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர். கமராவையும் அப்படித்தான் பார்த்தார்.

"கடை நிறையச் சாமான் இருக்க, உதையோ தம்பி தூக்கிக்கொண்டு வந்தனீர்?"

"கைக்கு அம்பிட்டது உதுதான், வாத்தியார்."

"ஒரே படத்தை ரெண்டுதரம் எடுக்கிற மிசின். ஒருதரம் எடுத்தாலே எங்கட மூஞ்சியளுக்கு மிச்சம்."

மாமாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் கமராவை அவர் பார்த்த பார்வை வேறு. கடற்காற்று இரும்பையே தின்னும் ஊர் என்று, அதை ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வைத்தார். பக்கத்தில் வறுத்த அரிசி முடிந்த சீலைப் பொட்டலம் ஒன்று, ஈரத்தை இழுக்க. வெள்ளிக்கிழமைதோறும் அரிசியைக் கொட்டிவிட்டுப் புதிதாக வறுத்துப் போடுவார். கண்ணாடிகளைத் துடைப்பதற்குப் பட்டுத்துண்டும் ஒரு துளி ஓடிக்கொலோன் வாசனைநீரும். எண்ணெய் கிட்டவும் வரக்கூடாது. கண்களை வெட்டவைக்கும் விற்சுருளை இழுத்தபடி ஓர் இரவுகூட விடக்கூடாது. விட்டால் அது களைத்துவிடும் என்பார். ஒரு மாட்டைப் பற்றிப் பேசுவது போலிருக்கும்.

அந்த ஆண்டு ஆயுத பூசைக்கு அம்மா மண்வெட்டி, கத்தி, தையல் மெசின், என் புத்தகங்கள் எல்லாவற்றையும் பாயில் பரப்பினார். மாமாவின் கமராவும் பாய்க்கு வந்தது. பொட்டு வைப்பது என் வேலை. மண்வெட்டிக்கு எங்கே வைப்பது என்று யோசிக்கத் தேவையில்லை. மூன்று கண்ணுள்ள ஒன்றுக்கு எங்கே வைப்பது? கண்ணை மறைக்கக்கூடாது என்ற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. வலது கண்ணுக்கு மேலே புருவம் மாதிரி ஒரு மெல்லிய பிளவு இருந்தது. சந்தனத்தைத் தண்ணீராய்க் கரைத்து, அந்தப் புருவத்தின் மேல் அழகாக இழுத்துவிட்டேன். மறுநாள் வெளியே தெரிந்ததைத் துடைத்தும்விட்டேன்.

கமராவுக்குள் ஒரே ஒரு படச்சுருள்தான் இருந்தது, அதுவும் வர்ணச் சுருள். ஊருக்கு வருமுன்பே அதில் சில படங்கள் எடுத்தாகிவிட்டது. மீதியை அடுத்த ஆனியில் நயினாதீவு அம்மன் தேருக்கென்று மாமா பொத்திவைத்திருந்தார். தேருக்கு ஒரு கிழமை இருக்கையில் வாத்தியாரிடம் வாயைக் கொடுத்துவிட்டார்.

"தேரைக் கொண்டுவந்து உங்கட முற்றத்திலை நிப்பாட்டிக் காட்டுறன், வாத்தியார்."

"நிப்பாட்டும், நான் வடம் பிடிக்கிறன்."

அன்று பின்னேரத்துக்குள் அது மடத்துவெளி முழுக்கப் பரவிவிட்டது. கிணற்றடியில் கேட்டார்கள், சந்தியில் கேட்டார்கள்: தேர் எப்ப வருகுதாம், வடம் நாங்களும் பிடிக்கலாமோ? கடையை விட்டுவிட்டு வந்தவர் என்பதைத் தவிர மாமாவுக்கு ஊரில் வேறு பேர் இருக்கவில்லை. இதுவும் பிசகினால் இந்தப் பேரே நிலைத்துவிடும்.

மறுநாள் காலை, ஒத்திகை பார்ப்பதற்காக மாமா என்னை வேலியோரம் நிறுத்தினார். ஓரத்துக் கண்களின் இமைகள் திறந்து மூடுவதைப் பார்க்க, நான் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொத்தானை அமத்தினார்.

"மாமா, ஒரு கண்தான் வெட்டிச்சுது."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

சுருளை நகர்த்தாமல் அதே படத்தின் மேலேயே இன்னும் இரண்டுமுறை அமத்தி, தானே முன்னால் குனிந்து பார்த்தார். இடது கண் வெட்டியது. வலது கண் வெட்டவில்லை. மாமா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"உப்புக்காத்து," என்றார். "என்ன செய்தும் விடுகுதில்லை."

உப்புக்காற்றில்லை என்பது உலகத்தில் எனக்கு மட்டுந்தான் தெரியும். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், மாமா கமராவை ரின்னுக்குள் வைத்து மூடி, தேருக்குப் போகவில்லை என்று அம்மாவிடம் சொன்னபோது அழுகையோடு உண்மையும் வந்துவிட்டது.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால், மாமாவின் முகம் விளக்கேற்றியது போல இருந்தது.

"சந்தனமோ? அக்கா, சந்தனமாம்! துருவில்லை, சந்தனம்!"

பிளவுக்குள் ஓடிய பித்தளைத் தகடுதான் வலது இமையைத் திறப்பது. நான் இழுத்த சந்தனப் புருவம் காய்ந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாமா ஓடிக்கொலோனை ஒரு துளி விட்டு ஊறவைத்தார். ஈர்க்கு ஒன்றைச் சீவி நுனியில் பஞ்சு சுற்றினார். அவருடைய விரல் பருமன். பிளவுக்குள் ஈர்க்கு நேராகப் போகவில்லை. கமராவை என் மடியில் வைத்தார்.

"வைச்சவள் நீ. எடுக்கிறவளும் நீதான்."

ஒரு காலை முழுவதும் எடுத்தேன். மஞ்சளாய்த் துகள் துகளாக வந்தது. ஊதவும் விடவில்லை, எச்சில் பட்டுவிடுமாம். கடைசியில் மாமா விற்சுருளை இழுத்து, பொத்தானை அமத்தினார். இரண்டு கண்களும் ஒன்றாக வெட்டின. நான் போட்ட சத்தத்தில் வாத்தியார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, தேர் வந்திட்டுதோ?"

தேரன்று குறிகட்டுவான் துறையில் வள்ளமேறி நயினாதீவுக்குப் போனோம். கண் மறுபடி ஒட்டிவிடுமோ என்று மாமாவுக்கு ஒரே பயம். அதனால் எனக்கு ஒரு வேலை தந்தார்: கமராவுக்கு முன்னால், ஓரமாக நின்று, ஒவ்வொரு தடவையும் கண்களைப் பார்த்து, இரண்டும் வெட்டினால் இரண்டு விரலைக் காட்ட வேண்டும். அவர் முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து எடுத்தார். நான் விரலைக் காட்டினேன். வடம் நகரும் அவசரத்தில், நான் கையை இறக்குமுன்பே அடுத்த படத்தையும் அமத்திவிட்டார். சுருள் முடியும்வரை அப்படியேதான்.

சுருள் ஊர்காவற்றுறையில் தபாலேறி, கடல்கடந்து கழுவப்பட்டுத் திரும்பி வந்தபோது மாரி தொடங்கிவிட்டது. மாமா இரண்டு நாள் மேசையை விட்டு எழும்பாமல், சோடி சோடியாக வெட்டி அட்டைகளில் பொருத்தினார். இடது படத்தை வலப்பக்கத்தில் வைத்தால் கிட்ட நிற்பவர் எட்டப் போய்விடுவார் என்று ஒவ்வொன்றையும் மூன்றுதரம் சரிபார்த்தார். பிறகு வாத்தியாரைக் கூப்பிட்டார்.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பெட்டியைக் கண்ணில் வைத்து யன்னல் வெளிச்சத்தை நோக்கித் திரும்பினார். உடனே தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

"ஐயோ, பிள்ளை கண்ணிலை குத்தப் பாக்குது!"

தேருக்கும் சனத்துக்கும் முன்னால், எல்லாவற்றையும்விடக் கிட்ட, இரட்டைப் பின்னலோடு நான் நின்றேன். என் இரண்டு விரல்களும் படத்தை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தன. விரலுக்குப் பின்னால் வடம், வடத்துக்குப் பின்னால் வியர்த்த முதுகுகள், அதற்கும் பின்னால் வானத்தில் ஏறிய தேர்.

"வாத்தியார், வடம் முன்னாலைதான் கிடக்கு, பிடியுங்கோவன்," என்றார் அம்மா.

வாத்தியார் பெட்டியைக் கண்ணோடு இன்னும் இறுக்கினார். திருப்பித் தரவே இல்லை. அன்று மடத்துவெளியில் பாதிப்பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எல்லோரும் என் விரலுக்குத் தலையை இழுத்தார்கள். ஒவ்வொரு தலைக்கும் மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சனம் கலைந்த பிறகு மாமா சுருளின் முதல் படத்தைச் செருகி யன்னலோரம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் வாங்கிப் பார்த்தேன். ஒரு கடையின் உள்பக்கம். தட்டுகளில் ரின்கள், தராசு, தரையில் வாசல் வெயில். ஆளில்லை, என் விரலுமில்லை. இதைப் போய்ப் பார்க்கிறாரே என்று அட்டையை இழுத்துவிட்டுத் தேரைச் செருகிக் கொடுத்தேன். அந்தக் கடை முந்தின ஆண்டு இனக்கலவரத்தில் எரிந்துபோனதை அப்போது எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. வியாபாரம் சரிவரவில்லை என்பதுதான் சிறுவர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம்.

"மாமா, திரும்பிக் கடைக்குப் போகேக்கை என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ. உந்தத் தராசுக்கு முன்னாலை நிண்டு விரல் காட்டுறன். அப்பதான் படம் நல்லாய் வரும்."

"ஓம் பிள்ளை, எடுப்பம்," என்றார் மாமா.

அவ்வளவு மகிழ்ச்சியான நாளில் அம்மா ஏன் சட்டென்று எழுந்து குசினிக்குள் போனார் என்பது எனக்கு விளங்கவில்லை.