சர்க்கரை அம்மாவின் இரண்டு அறைகள்

கோர்ட்டுக்குப் போனால் விவாகரத்து கிடைப்பதற்குள் தலை நரைத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் சர்க்கரை அம்மாவிடம் வருவார்கள். அவர் சமரசம் பேசிவைப்பவர். அந்தப் பட்டப்பெயரைச் சூட்டியவர் பக்கத்து அறைப் பல் டாக்டர். இருவரிடமும் ஆட்கள் வலியோடுதான் வருவார்கள். டாக்டரிடம் மரத்துப்போகும் ஊசி இருந்தது, அம்மாவிடம் வாய் இருந்தது.

புருஷனை ஓர் அறையிலும் பெண்டாட்டியை இன்னோர் அறையிலும் உட்கார வைத்துவிட்டு, நடுவில் செருப்புத் தேய நடப்பார். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சேர்க்க வேண்டும். ஆனால் அம்மா வழியிலேயே முள்ளை எடுத்துவிட்டுத்தான் பரிமாறுவார். அதில் கொள்ளைப் பெருமை வேறு.

அன்று ஒரு செல்போன் கடைக்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாலு பேர் முன்னால் புருஷன் மட்டம் தட்டுவதில் அலுத்துப்போய், வேறு ஊரில் வேலை வாங்கிக்கொண்டு கிளம்ப நின்றாள்.

"எங்க போயிடப் போறா? இவ மூஞ்சிக்கு வேற எவன் சோறு போடுவான்?" என்றார் கடைக்காரர்.

அம்மா அடுத்த அறைக்குப் போனார். "நீங்க நேரத்துக்குச் சாப்பிடுவீங்களான்னு அவருக்குக் கவலை."

"ஒரு பல்பு மாட்டத் தெரியுமா அவளுக்கு?" என்றார் அவர், அம்மா திரும்பி வந்ததும்.

"தனியா எப்படிச் சமாளிப்பீங்களோன்னு தவிக்கிறார்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவ்வளவு பதமா பேசுவாருன்னு தெரியாமப் போச்சே மேடம். டைவர்ஸ் வேணாம். அந்த வேலைக்கு வரலன்னு இப்பவே சொல்லிடறேன்." போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

ஜோடி சேர்ந்துவிட்டால் ஊரே கைதட்டும் என்று சர்க்கரை அம்மாவுக்குத் தெரியும். அந்த ஜோடியில் பாதி தான்தான் என்பதை ஊருக்கு யார் சொல்வது? இவள் திரும்பிப் போய் வாழப்போவது அந்த ஆளோடு. நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"போனைக் கீழ வைம்மா" என்று அதட்டிவிட்டு, கடைக்காரரை இழுத்துவந்து எதிரே உட்கார வைத்தார். "என்கிட்ட சொன்னத அப்படியே இவங்ககிட்ட சொல்லுங்க. ஒரு வார்த்தை குறையக் கூடாது."

அவர் குறைக்கவில்லை, கூட இரண்டு சேர்த்துக்கொண்டார். மனைவி முழுவதையும் கேட்டுவிட்டு, பிரியச் சம்மதம் என்ற தாளில் கையெழுத்துப் போடப் பேனா கேட்டாள். ரோஷத்தில் அவரும் போட்டுவிட்டுப் படியிறங்கினார்.

மனைவி வாசலில் நின்றாள்.

"அந்த ரூம்ல இருந்தவர எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு மேடம். அவரு நீங்கதானா?"

வாயில் வந்த சமாதானங்களையெல்லாம் விழுங்கிவிட்டு அம்மா சொன்னார்.

"ஆமாம்மா."