நாலாவது பொத்தான்

என் அக்கா புருஷன் சட்டையில் நாலாவது பொத்தான் ஒரு மாதத்துக்கு மேல் தங்கியதே இல்லை. மேலே மூன்றும் புத்தம் புதுசாய் மின்னிக்கொண்டிருக்கும். வயிற்றுக்கு நேரே இருக்கிற அது மட்டும் நூல் தேய்ந்து, ஆடி, ஒருநாள் லாரிக்குள் எங்கேயோ விழுந்து தொலைந்துவிடும். காரணம் ஸ்டியரிங். மாமா உட்கார்ந்தால் வயிறு ஸ்டியரிங்கைத் தொடும். வண்டியைத் திருப்பும்போதெல்லாம் அந்த வளையம் பொத்தானை உரசிக்கொண்டே போகும். சீட்டைப் பின்னால் தள்ளினால் கால் கிளட்சுக்கு எட்டாது. நான் தி.நகரில் ஆண்கள் சட்டைக் கடையில் வேலை பார்க்கிறவன். கடையிலேயே பெரிய அளவாய்ப் பார்த்து எடுத்துக்கொண்டு மந்தைவெளி வீட்டுக்குப் போவேன். "மச்சான், சட்டைய வுடு. இரும்புல பொத்தான் கீதான்னு கேட்டுச் சொல்லு" என்று மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு ஒருநாள் நின்றுபோனது. பெங்களூரில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பட்டப்பகலில், கண் சொக்கி வண்டியை நடுத்திட்டில் ஏற்றிவிட்டார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, நல்ல காலம். ஆனால் லாரி முதலாளி சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். "உடம்ப சரி பண்ணிக்கினு வா நைனா. அப்பால பாக்கலாம். அடுத்த ஆடிக்குள்ள வரலைன்னா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்றார். மாமாவுக்கு அந்தப் பன்னிரண்டு சக்கர வண்டிதான் உலகம். அக்காவைப் பெண் பார்க்க வந்ததே அதில்தான். தெருவுக்குள் நுழைய முடியாமல் முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். அது இன்னொருவர் கைக்குப் போவதா?

அடையாறில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். குறட்டையில் மூச்சு அடைபடுகிறது, அதனால்தான் பகலில் சொக்குகிறது என்று சொல்லி, மூக்கில் மாட்டித் தூங்க ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். சர்க்கரையும் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் எடை. மாமாவோ முடிவு கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். அவரோடு லோடு ஏற்றும் ராயப்பேட்டைக்காரர் ஒருவர் வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு ஆளே பாதியாகி, ஜம்மென்று வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். "எனக்கும் அதையே வெட்டி வுட்டுடுங்கம்மா. ஒரே நாள்ல முடிஞ்சிடும்ல?" என்றார் மாமா. "நல்லா கீற வயித்துல கத்தி வெக்கறதா?" என்று அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டரம்மா இரண்டு பேரையும் கையமர்த்தினார். அது நல்ல ஆபரேஷன்தான், சிலருக்கு அதுதான் சரியான வழி, உங்களுக்கும் தேவைப்படலாம் என்றார். ஆனால் அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாய் மென்று தின்ன வேண்டும், நடக்க வேண்டும், ஆயுசுக்கும் சத்து மாத்திரை போட வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒன்று சொன்னார் பாருங்கள், இன்றைக்கும் எனக்கு அது காதிலேயே நிற்கிறது: "வயித்தை நான் சின்னதாக்கிடுவேன். நீங்க ராத்திரி வண்டிய நிறுத்துற ஓட்டலை என்னால மூட முடியாது." பொங்கல் முடியும்வரை பழக்கத்தை மாற்றிப் பாருங்கள், பிறகு உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம் என்று அனுப்பிவைத்தார்.

மெஷின் போட்டுத் தூங்கியதில் பகல் சொக்கல் விட்டது. டாக்டரம்மா சரி என்ற பிறகு முதலாளி ஊருக்குள் ஓட்ட ஒரு தண்ணீர் லாரி கொடுத்தார். அதிலும் வயிறு ஸ்டியரிங்கைத் தொடத்தான் செய்தது. அக்கா பரோட்டாவை நிறுத்தினாள், டீயில் சர்க்கரையை நிறுத்தினாள், சுண்டலும் முட்டையும் கீரையும் மோரும் கட்டிக் கொடுத்தாள். "ஏய், நான் லாரி ஓட்டறவனா, ஆடா?" என்று தினமும் ஒரு சண்டை. நடப்பதற்கோ சுத்தமாய் மறுத்துவிட்டார். காரணமில்லாமல் தெருவில் நடக்க அவருக்கு வெட்கம். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டி எடுக்குமுன் டிரைவர்கள் கம்பியால் டயரைத் தட்டிக் காற்று பார்ப்பார்கள் இல்லையா? டேங்க் நிரம்பும்வரை மாமா கம்பியும் கையுமாய் லாரியைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு டயராய்த் தட்டிக்கொண்டே நடப்பார். "இன்னா நைனா, அத்தினி டயரும் பஞ்சரா?" என்று மற்ற டிரைவர்கள் கத்துவார்கள். "ஆமா, உன் வாய்க்குத்தான் காத்து ஜாஸ்தி!" என்பார்.

எல்லாம் சரி, எடை பார்த்த விதம்தான் தாங்க முடியாது. மருந்துக்கடை மெஷின் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆயுசு முழுக்க அவர் நம்பியது லாரியை ஏற்றி நிறுத்தும் எடைமேடையை மட்டும்தான். வாரம் ஒருமுறை அங்கே போய், அவ்வளவு பெரிய இரும்பு மேடையின் நட்டநடுவில் தன்னந்தனியாய் விறைத்து நிற்பார். நூற்று முப்பது என்று காட்டும். அடுத்த வாரமும் நூற்று முப்பது. தீபாவளி போனது, பொங்கலும் போனது, அசையவே இல்லை அந்த நூற்று முப்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பரோட்டா பார்சலோடு வந்து தொப்பென்று உட்கார்ந்தார். "இம்மாம் நாள் புல்ல துன்னு இன்னா கண்டேன்? மச்சான், நாளைக்கே டாக்டரம்மாகிட்ட சொல்லிடு, வெட்டிடட்டும். அதுவும் சரிவராதுன்னு சொன்னா மொதலாளிய வண்டிய வேற ஆளுக்கே குடுக்கச் சொல்லு" என்றார். கண் கலங்கியிருந்தது. அக்கா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையை மடிக்கப் போனவள் அப்படியே நிறுத்தி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"யோவ், இந்த நாலாவது பொத்தான எப்பய்யா தெச்சேன்?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"தீபாவளிக்கு முன்னாடி! வெள்ள நூல் இல்லாம பச்ச நூல்ல தெச்சேன்யா! அதே நூலு, அப்டியே கீதுய்யா!"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அடுத்த நிமிடம் படியில் தடதடவென்று இறங்கி ஓடினோம். தெருமுனையில் நின்ற தண்ணீர் லாரியில் மாமா ஏறி உட்கார்ந்தார். நான் அடுத்த பக்கமாய் ஏறி, வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே கையை விட்டேன். போனது! விரல், உள்ளங்கை, மணிக்கட்டு வரை தாராளமாய்ப் போனது! நான் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்தார், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று வெளியே வந்துவிட்டார்கள். "போவுதா? நெஜமா போவுதா?" என்று மாமா திரும்பத் திரும்பக் கேட்டார், நம்பாமல் அக்காவை ஏறச் சொல்லி அவள் கையையும் விடச் சொன்னார். அந்தப் பரோட்டா பார்சல் என்ன ஆனது என்று யாருக்கும் நினைவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக எடைமேடைக்காரரிடம் சண்டைக்குப் போனோம். அவர் சாவகாசமாய்ச் சொன்னார்: "இது பத்து பத்தாத்தாண்ணே காட்டும். லாரிக்கு அஞ்சு கிலோ முன்னப்பின்ன இருந்தா யாரு பாக்கப்போறாங்க?" அங்கிருந்து நேரே அடையாறு. டாக்டரம்மாவின் மெஷினில் நூற்று முப்பத்து நாலு நூற்று இருபத்தாறாகி, எட்டு கிலோ குறைந்திருந்தது, சர்க்கரையும் இறங்கியிருந்தது. இப்படியே போங்கள், நின்றுவிட்டால் ஆபரேஷனைப் பற்றிப் பேசுவோம், அது தோல்வி ஒன்றும் இல்லை என்றார். "இனிமே எதுனாலும் எனக்கு ஒண்ணுதாம்மா. வெட்டினாலும் இதையேதானே துன்னப்போறேன்?" என்றார் மாமா. அறையே சிரித்தது. ஆடி பிறப்பதற்குள் பெரிய வண்டிச் சாவி அவர் கைக்கு வந்துவிட்டது.

இப்போது நான் கொண்டுபோகும் சட்டை இரண்டு அளவு சின்னது. புதுசாய் எத்தனை கொடுத்தாலும், தூர ஓட்டம் கிளம்பும் அன்றைக்கு அந்தப் பழைய வெள்ளைச் சட்டையைத்தான் மாட்டுகிறார். தொளதொளவென்று தொங்குகிறது. போன வாரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு லாரி நகரும்போது சன்னலில் எட்டிப் பார்த்துக் கையாட்டினார். காலர் கிழிந்துவிட்டது, மேலே இரண்டு பொத்தான் காணோம். நாலாவது மட்டும் பச்சை நூலில் கெட்டியாக இருக்கிறது.