டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி இரண்டு வரி

செல்வராசு அண்ணனைச் சாகடித்தது கேட் பாஸ்.

இன்று காலை கடலூர் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்... நாற்பத்தோரு வயது.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் கேங்கில் என்னோடு ஐந்து வருடம் ஷிப்ட் பார்த்தவர். காண்ட்ராக்ட் ஆள். என்னைப் போலவே.

இரண்டு மாத வேலைக்கு ஒடிசாவுக்கு அனுப்பினார்கள். அங்கே மலேரியா, நினைவு தப்பும் அளவுக்கு. ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள்.

திரும்பி வந்தவர் பஸ்ஸில் ஏறியதும் சொன்னார். “ஒடிசா கொசுவுக்கு வெவரம் பத்தலடா. பர்மனென்ட் ஆள வுட்டுட்டு என்னையே கடிச்சிக்கினு கெடந்துச்சி.” பஸ்ஸே சிரித்தது.

சுரங்கத்துக்குள் மறுபடி வேலைக்குப் போக கேட் பாஸ் வேண்டுமென்றால் டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஃபிட்’ என்று இருக்க வேண்டும். ஒரிஜினலையே காண்ட்ராக்டர் ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். அண்ணனுக்கு இங்கிலீஷ் வராது. நான்தான் வாங்கிப் பார்த்தேன்.

அந்த ஒரு வார்த்தையை மட்டும் தேடினேன். அடியில் கையால் எழுதிய இரண்டு வரி இருந்தது... படிக்கவில்லை. ஜெராக்ஸும் எடுக்காமல் ஆபீஸில் கொடுத்தோம், பாஸ் கிடைத்தது.

அடுத்த வாரம் ஏணியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். “இன்னாண்ணே, ஆஸ்பத்திரி பெட்டு பழகிடுச்சா?” என்று கேட்டதும் நான்தான். சிரித்தார். உதடு வெளுத்திருந்தது.

பிறகு கண் மஞ்சளானது. ஒன்றுக்குப் போனால் டிகாஷன் நிறம். மஞ்சள் காமாலை என்று நினைத்து அண்ணி மேல்பட்டாம்பாக்கத்து நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போய்க் கீழாநெல்லி மருந்து வாங்கிக் கொடுத்தார். உப்பில்லாத சோறு. காய்ச்சல்தான் இல்லையே என்று எல்லோரும் இருந்துவிட்டோம்.

கடலூர் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “மலேரியாவுக்கு என்ன ஊசி போட்டாங்க? சீட்டு எங்க?”

“ஆபீஸ்ல இருக்குங்க.”

“அந்த ஊசிதான் உயிரைக் காப்பாத்துது. ஆனா சில பேருக்கு ரெண்டு மூணு வாரம் கழிச்சு ரத்த அணு உடைய ஆரம்பிக்கும். வாராவாரம் ரத்தம் டெஸ்ட் பண்ணணும்னு எழுதியிருப்பாங்களேப்பா...”

ரத்தம் ஏற்றினார்கள். உடம்பு தாங்கவில்லை.

போயிட்டு வாங்கண்ணே. ஏணியில நான் கேட்டதை மறந்துடுங்க.

காண்ட்ராக்டர் ஆபீஸில் இருப்பவர்களும் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். மத்தியானம் வந்து கேட்டேன், ஃபைலில் இருக்கிறது என்றீர்கள். சாயங்காலம் கூப்பிட்டேன், ஃபோனை எடுக்கவில்லை.

அந்தச் சீட்டை வெளியே எடுங்கள். அந்த இரண்டு வரியை எனக்குப் படித்துக் காட்டுங்கள்.