ட்ரான்சிஸ்டர் செய்கிறவள்

எத்தாளையில் ஸக்கியாவை எல்லாருக்கும் தெரியும். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. "ஜௌபர்ட மகள், ஜெர்மனில ட்ரான்சிஸ்டர் செய்யிற" என்பார்கள். அந்த ஊரில் ட்ரான்சிஸ்டர் என்றால் றேடியோ. அவளுடைய வாப்பா ஜௌபர் வாய் ஓயாமல் பரப்பிவிட்ட கதை அது. இனித் திருத்தப் போனால் யார் கேட்கப்போகிறார்கள்!

அவள் செய்தது றேடியோ அல்ல. தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய தங்கக் கம்பியை அறுத்து, அந்த இடைவெளியில் ஒரேயொரு மூலக்கூறை மாட்டுவாள். அந்த மூலக்கூறு தானே ஒரு காந்தம். அதன் சுழற்சி மேலா, கீழா என்று மின்சாரத்தை விட்டு அறியலாம். குவாண்டம் கணினிக்கு, சுவிட்ச் போல, அப்படியொரு ஆளி வேண்டும். நூறு கம்பி அறுத்தால் இரண்டு மூன்றில்தான் மூலக்கூறு அகப்படும். அகப்பட்டதையும் கடுங்குளிரில், அசையாமல், தனியே விட்டுவைக்க வேண்டும். கொஞ்சம் சூடு பட்டால், பக்கத்தில் ஏதும் வந்தால், நினைவில் வைத்திருந்ததை மறந்துவிடும். ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் போனில் இதையெல்லாம் வாப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். "ஆ... ஆ" என்று கேட்டுக்கொண்டிருப்பார் மனுஷன்.

அந்த வாப்பா எட்டு மாதம் நோயில் கிடந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை! கேட்ட நேரமெல்லாம் "நல்லாரிக்கன் மகள்" என்றே சொன்னார். மௌத்துச் செய்தி கேட்டு அவள் வந்து சேர்ந்தபோது அடக்கி மூன்று நாள். உம்மா முன்னமே இல்லை. வீட்டை ஒதுக்கிவிட்டுப் போக வந்தவள், மூன்று மாதமாக அங்கேயே தனியே இருக்கிறாள். ஏன் என்னைக் கூப்பிடவில்லை? நான் அவ்வளவு வேற்று ஆளாகிவிட்டேனா? இந்தக் கேள்வி அவளை எழும்பவிடவில்லை.

ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு, வாப்பாவின் கூட்டாளி ஹயாத்து முகம்மது பழைய றேடியோ ஒன்றோடு வந்து நின்றார்.

"இது பேசுதில்ல மகள். நீங்கதானே இதெல்லாம் செய்யிற."

ஸக்கியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் றேடியோ செய்யிறல்ல சாச்சா! எத்தின தரம் சொல்ற?"

சொன்னாளே தவிர, மூடியைக் கழற்றினாள். உப்புக்காற்றில் பற்றரி முனையெல்லாம் பச்சையாய்ப் பூத்திருந்தது. கத்தியால் சுரண்டிக்கொண்டே, உள்ளே மூன்று காலோடு நின்ற கறுப்புத் துண்டைக் காட்டினாள்.

"இதான் ட்ரான்சிஸ்டர். இதைத்தான் நான் ஒரு மூலக்கூறில செய்யிறன்."

"ஓம், தெரியும். அதத் தனியா வைக்கணும். ஆரும் கிட்டப் போனா மறந்துடும். வாப்பா சொல்லியிருக்காரே!"

அவள் கை நின்றுவிட்டது. இந்த ஊரில் ஒருவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு! சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"அவருக்கு விளங்கியிருக்கா சாச்சா?"

"விளங்காமலா? கடைசியில நான் சொன்னன், மகளுக்குக் கோல் எடுப்பம் என்டு. போனைப் பறிச்சிட்டாரு. 'வேணாம்டா, அவ சொல்லியிருக்கா, தனியா விடணும். இப்ப கூப்பிட்டா வெச்சிருந்ததெல்லாம் மறந்துடும்' என்டாரு."

பற்றரியைப் போட்டதும் றேடியோ கரகரத்து, பேசத் தொடங்கியது. ஹயாத்து முகம்மது வாயெல்லாம் பல்லாக அதைக் கையில் வாங்கினார்.

"நான் சொன்னது மூலக்கூறை, சாச்சா," என்றாள் ஸக்கியா. "என்னையில்ல."