மாப்பிள்ளை என் வைனை ஏன் மோந்து பார்த்தார்?

நேற்று சாயங்காலம் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் என் வைனைச் சந்தேகப்பட்டார்!

(சந்தேகப்படுவது இந்த வீட்டில் என் டிபார்ட்மெண்ட். வெளியாள் அதில் நுழைந்தால் எனக்குப் பிடிக்காது.)

விஷயம் இதுதான். அப்பா அம்மா போனபிறகு தங்கை ரோஷினிக்கு எல்லாமே நான்தான். அவளுக்கு மணப்பாட்டிலிருந்து ஒரு வரன். பெண் பார்த்து, இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், ஒரு மாதமாக போனில் ஒரே குசுகுசு. நான் சரி சொன்னால் மாதா கோயிலில் கல்யாண ஓலை (அதுதான், பூசையில் எல்லாருக்கும் சொல்லும் திருமண அறிவிப்பு) வாசிக்கக் கொடுத்துவிடலாம்.

நான்தான் சொல்லவில்லை.

காரணம், மாப்பிள்ளை கில்பர்ட்டுக்குச் சொகுசுக் கப்பலில் வைன் பரிமாறும் வேலை. நாள் முழுக்கப் பாட்டிலும் கையுமாக இருப்பவர், வேலை முடிந்ததும் அதைக் கீழே வைத்துவிடுவாரா என்ன?

கிறிஸ்துமஸ் பலகாரம் சாப்பிட வரச் சொன்னேன். (உண்மையில் வேவு பார்க்கத்தான்!)

எங்கள் வீட்டில் ஜாடியில் ஊறிய புது வைனை விருந்தாளிக்குத்தான் முதலில் கொடுப்போம். அதுவரை வீட்டார் யாரும் வாய் வைக்கக் கூடாது. எவர்சில்வர் டம்ளரில் தளும்பத் தளும்ப ஊற்ற வேண்டும். குறைத்து ஊற்றினால் கஞ்சப் பட்டம் நிச்சயம். (போலீஸ் நண்பர்களே, இது வெறும் திராட்சை ரசம்!)

ஜாடியிலிருந்து நிரப்பிய வைன் பாட்டிலையும் மக்ரூன் தட்டையும் கொண்டுவந்து வைத்தேன்.

"அக்கா, கண்ணாடி டம்ளர் இருக்கா?"

சந்தேகம் நம்பர் ஒன்று.

கொடுத்தேன். "நானே ஊத்துதேன்க்கா" என்று பாட்டிலை வாங்கி, முதலில் தனக்கே ஊற்றிக்கொண்டார்! அதுவும் இரண்டு விரல் உயரம்தான். டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். மூக்கை உள்ளே விட்டு மோந்தார்.

"ஏன் தம்பி, நாங்க ஏதும் கலந்திருப்போம்னு பாக்கியளா?"

"ஐயோ இல்லக்கா! பாட்டிலத் தொறந்தா ஒருத்தர் மொதல்ல ருசி பாக்கணும். நல்லா இருந்தாத்தான் மத்தவங்களுக்கு ஊத்தணும். எங்க கப்பல்ல அப்படித்தான்."

குடித்தார். ஒரு நொடி கண் சுருங்கியது. பிறகு டம்ளரை முழுசாகக் காலி செய்துவிட்டு, பாட்டிலை இறுக மூடினார்.

"இது ரொம்ப ஸ்பெஷலா இருக்குக்கா. இத நான் வீட்டுக்குக் கொண்டு போகட்டுமா? இப்ப நான் கொண்டாந்த பாட்டிலத் தொறப்போம்."

என் வைன் அவர் பைக்குள் போய்விட்டது!

அவர் கொண்டுவந்ததை ரோஷினிக்கு, எனக்கு, என் வீட்டுக்காரருக்கு, கடைசியில் தனக்கு என்று ஊற்றினார். எல்லாருக்கும் பாதி டம்ளருக்கும் கீழே!

"மருந்து மாதிரில்லா ஊத்துதாரு" என்று என் வீட்டுக்காரர் என் காதைக் கடித்தார்.

மாப்பிள்ளைக்குக் கேட்டுவிட்டது. "கொஞ்சம் எடம் விட்டாத்தான் அண்ணே வாசம் நிக்கும்."

வாசத்தை வைத்து நான் என்ன செய்வது?

அவர் கிளம்பியதும் ரோஷினியிடம் சொல்லிவிட்டேன். "இது சரிப்படாதுளா. மொத தடவ விருந்துக்கு வந்த வீட்டுல முழுப் பாட்டிலையும் அமுக்கிட்டுப் போறாரு. நாளைக்கு உன் கதி என்ன?"

அவள் அழுதுவிட்டாள். "நீ இதுவரைக்கும் யாரத்தான்க்கா நம்பியிருக்க?"

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. சமையலறைக்குப் போய், ஜாடியில் மிச்சமிருந்த வைனை டம்ளர் தளும்ப ஊற்றி ஒரே மடக்காகக் குடித்தேன்.

வினிகர்! அசல் வினிகர்!

நான் இருமிய இருமலில் வீட்டுக்காரர் ஓடி வந்தார். ஜாடியை மோந்து பார்த்தார்.

"ஏளா, தெனமும் மூடியத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாத்தியே. காத்துப் பட்டா புளிக்காம என்ன செய்யும்?"

உண்மைதான். வைன் ஊறிய மூன்று வாரமும் தினம் திறந்து பார்த்தேன். அளவு குறைகிறதா, இந்த மனிதர் திருடிக் குடிக்கிறாரா என்று பார்க்கத்தான்! (அவர் தொடவே இல்லை. பாவம்.)

இன்று காலையில் நானே மாப்பிள்ளைக்கு போன் போட்டேன்.

"தம்பி, வைன் கெட்டுப்போச்சுன்னு ஏன் சொல்லல?"

"உங்க வீட்டுல உக்காந்துக்கிட்டு எப்படிக்கா அதச் சொல்ல? எல்லாரும் குடிச்சிருந்தா உங்களுக்குல்லா சங்கடம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் மானத்தைக் காப்பாற்ற இரண்டு விரல் வினிகரை முகம் சுளிக்காமல் குடித்த பிள்ளையையா வேவு பார்த்தேன்!

"ஓலைக்குக் குடுத்திரலாம் தம்பி" என்றேன். ரோஷினி பின்னாலிருந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

போனை வைப்பதற்கு முன் சும்மா கேட்டேன். "ஆமா, அந்தப் பாட்டில என்ன செய்தீய?"

"எங்கம்மா அத ஊத்திக் கறி ஊறப்போட்டுட்டாக்கா. குழம்பு அருமையா இருக்காம். கல்யாணத்துக்கு இதே மாதிரி ஒரு ஜாடி செஞ்சு தரச் சொல்லுதா."

மக்களே, வரப்போகும் சம்பந்தியம்மா என்னைப் பாராட்டுகிறாரா, இல்லை இப்போதே குத்திக் காட்டுகிறாரா? காலையிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?