ஒரு நாள் வைத்திருந்த தண்ணீர்

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் நான் வீட்டுக்கு ஒரு ஆக்ஸலாட்டலைக் கொண்டுவந்துவிட்டேன். அதுவும், சுவரில் பல்லியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறி நிற்கிற மனிதரைக் கட்டிக்கொண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறையில் எனக்குத் தற்காலிக வேலை. எங்கள் துறைத் தலைவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர வேண்டும் என்று ஒரு வருடமாக அவர் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் பிடிகொடுக்கவே இல்லை. அந்த ஏப்ரலில் அவராகவே கூப்பிட்டார். வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் விட்டுப்போன ஆக்ஸலாட்டல் ஒன்று துறையின் ஏ.சி. அறையில் இருந்தது. கோடை விடுமுறையில் அந்த அறையைப் பூட்டிவிடுவார்கள். சாரோ இரண்டு மாதப் பயிற்சிக்கு வடக்கே போகிறார்.

"ஜூன்ல காலேஜ் திறக்கறப்போ இது எனக்கு உயிரோட வேணும்மா. அப்புறம் உன் ரிசர்ச் பத்திப் பேசலாம்" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. சரி சார் என்றேன்.

ஆக்ஸலாட்டல் மெக்ஸிகோ நாட்டு ஏரிகளில் வாழ்வது. தவளைக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் நீளம், நாலு குட்டிக் கால், தலைக்கு இரு பக்கமும் மும்மூன்றாகச் சிவந்த இறகு போன்ற செவுள்கள். எங்களுடையது வெளிறிய ரோஜா நிறம். யார் என்ன சொன்னாலும் புன்னகைக்கிற மாதிரி ஒரு வாய். தவளை மாதிரி வளர்ந்து கரையேறாமல், கிழமானாலும் குழந்தைக் கோலத்திலேயே தண்ணீருக்குள் இருந்துவிடும். அதற்கு வேண்டியது இரண்டே இரண்டுதான்: குளிர்ச்சியான தண்ணீர், சுத்தமான தண்ணீர். நாங்கள் குடியிருந்த ராஜகீழ்ப்பாக்கத்தில் மே மாதம் இந்த இரண்டும் மனிதருக்கே கிடைக்காது.

மூடி போட்ட பக்கெட்டோடு ஆட்டோவிலிருந்து இறங்கினேன். மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா பக்கெட்டுல? விராலா?"

"இல்லீங்க, காலேஜ் ஆராய்ச்சிக்கு."

"ஆராய்ச்சி முடிஞ்சா கொழம்பு வெக்கலாமா?"

என் கணவர் மூடியைத் திறந்து பார்த்தார். அடுத்த கணம் வாசலுக்கு வெளியே நின்றார்.

"பல்லிய தண்ணில ஊற வெச்சிருக்க" என்றார்.

"இது பல்லி இல்லீங்க. நீர்நில வாழ்வன."

"எந்த வாழ்வனவா இருந்தாலும் அது இருக்கற ரூமுக்குள்ள நான் வரமாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எங்களுக்கு இருந்தது கீழ்த்தளத்தில் இரண்டு அறை, ஒரு சமையலறை. பின் அறை ஆக்ஸலாட்டலுக்குப் போயிற்று. அவருடைய சட்டை பேண்ட்டெல்லாம் முன் அறைக்குக் குடிபெயர்ந்தன.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். எதையும் சட்டம் போட்டுத்தான் செய்வேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் விதிகளைப் பெரிதாக எழுதிப் பின் அறைக் கதவின் வெளிப்புறத்தில் ஒட்டினேன். ஒன்று, தினமும் தொட்டியில் கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்ற வேண்டும். முழுக்க மாற்றக் கூடாது. இரண்டு, புதுத் தண்ணீர் ஒரு நாள் முழுக்கத் திறந்த டப்பில் இருந்திருக்க வேண்டும். மூன்று, சோப்பு, எண்ணெய், விபூதி பட்ட கை தொட்டிக்குள் போகக் கூடாது. இப்படியே ஒன்பது வரைக்கும் போனது. தினமும் காலையில் கதவுக்கு எதிரில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது அவர் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். வேறு பார்க்க அந்தச் சுவரில் ஒன்றுமில்லை.

என் வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கும். கண்ணாடித் தொட்டியின் அடியில் கிடக்கும் கழிவையும் தின்னாமல் விட்ட மண்புழுத் துண்டுகளையும் ரப்பர் குழாய் போட்டு உறிஞ்சி எடுப்பேன். அந்தத் தண்ணீர் வாழைக்குப் போகும். நிழலில் வைத்திருந்த நீல டப்பிலிருந்து, முந்தின நாள் பிடித்த தண்ணீரை எடுத்து மெதுவாக ஊற்றுவேன். பிறகு டப்பை மறுநாளுக்கு நிரப்பிவைப்பேன். தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு, எதிரில் டேபிள் ஃபேன். வெயில் ஏறினால் மாடி வீட்டு ஃப்ரிட்ஜில் உறைய வைத்த டிபன் பாக்ஸ்களைத் தண்ணீரில் மிதக்கவிடுவேன். சாயங்காலம் வாழையடியில் மண்புழு தோண்டுவேன். மண்புழு ஆடினால் ஆக்ஸலாட்டல் வாயைத் திறக்கும், ஒரே இழுப்பு, புழு உள்ளே. பிறகு அதே புன்னகை. எனக்கு அதன்மேல் கொள்ளை ஆசை வந்துவிட்டது. சாருக்காக மட்டும் இல்லை, எனக்கே அது பிழைத்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

கணவருக்கும் ஒரு தண்ணீர்ப் பைத்தியம் உண்டு. கல்லூரி நாட்களில் மஞ்சள் காமாலை வந்து படுத்தவர். அதனால் தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் குடிதண்ணீரை அவரே கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டி, சமையலறையில் இருந்த இரண்டு மண்பானைகளில் ஊற்றிவைப்பார். அந்தப் பானைகளுக்குள் வேறு யாரும் டம்ளர் விடக் கூடாது. நான் ஒருமுறை விட்டதற்கு இரண்டு நாள் பேசவில்லை. ஆளுக்கொரு தண்ணீரைக் காவல் காத்துக்கொண்டு அந்தக் கோடையை ஓட்டினோம்.

ஆனால் டிபன் பாக்ஸை மாடியிலிருந்து எடுத்து வருவது அவர்தான். பின் அறை வாசற்படி வரை வருவார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவார். "உன் ஆளு எப்படி இருக்கு?" என்பார்.

"நீங்களே பாருங்களேன்."

"வேணாம். நல்லாருந்தா சரி."

மே இரண்டாவது வாரம் கிணறு வற்றியது. வீட்டுக்காரர் லாரித் தண்ணீர் வாங்கிக் நிலத்தடித் தொட்டியில் விட்டார். ஊரில் வயிற்றுப்போக்கு என்று யாரோ சொல்ல, கை தாராளமாக பிளீச்சிங் பவுடரையும் கொட்டினார். எனக்குக் கவலையில்லை. ஒரு நாள் திறந்துவைத்தால் அந்த நெடி போய்விடும். அதற்காகத்தானே இரண்டாவது விதி.

அந்த வாரம்தான் காட்பாடியிலிருந்து கணவரின் அத்தை வந்தார். கணவரின் அம்மா இறந்த பிறகு அவரை வளர்த்தவர் இந்த அத்தை. புது மருமகள் குடித்தனம் நடத்தும் லட்சணத்தைப் பார்க்கவும், அப்படியே குன்றத்தூர் முருகனைப் பார்க்கவும் வந்திருந்தார். போதாததற்கு ஐஸ் தண்ணீரில் கையை விட்டு விட்டு எனக்கு ஜலதோஷம் வேறு. அவர் வந்து இறங்கியது ஞாயிற்றுக்கிழமை காலை, கணவரும் வீட்டில் இருந்தார். அத்தைக்குக் காபி கொடுத்துவிட்டு, மார்க்கெட் போய்க் காய் வாங்கிவந்தேன். அன்று தொட்டி வேலை தள்ளிப்போய் மணி பத்தாகிவிட்டது. அவசர அவசரமாகக் கழிவை உறிஞ்சி எடுத்து, டப்பிலிருந்து தண்ணீரை ஊற்றினேன்.

ஐந்து நிமிடம் இருக்கும். எப்போதும் சும்மா கிடக்கிற பிராணி தொட்டியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மோதியது. செவுள்கள் முன்பக்கமாக மடங்கிச் சுருண்டன. மேலே வந்து காற்றுக்கு வாய் பிளந்தது. டப்பில் கையை விட்டு மூக்கருகே கொண்டுபோனேன். அடைத்த மூக்குக்கே நெடி ஏறியது. பச்சை பிளீச்சிங் தண்ணீர்.

"யார் இந்த டப்பைத் தொட்டது?" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அத்தை ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு வந்தார். "நான்தாம்மா. ரயில் கசகசப்பு தாங்கல. நெழல்ல தண்ணி ஜில்லுனு இருந்துச்சா, எடுத்துக் குளிச்சிட்டேன். வந்த எடத்துல பாத்திரத்தக் காலியா விட்டா நல்லாருக்காதேன்னு கொழாயத் தொறந்து தளும்பத் தளும்ப நெரப்பி வெச்சேன். ஏம்மா, தப்பா?"

நல்ல குடும்பத்துப் பெண்மணி செய்யவேண்டியதைத்தான் அவர் செய்திருந்தார். ஒன்பது விதி எழுதிக் கதவில் ஒட்டிய நான், டப்பின்மேல் ஒரு வரி எழுதவில்லை. வந்தவரிடம் வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. ஆனாலும் அந்த நிமிடத்தில் எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது வெளியே வந்திருந்தால் அந்த வீட்டில் நான் அதற்குப் பிறகு எப்படி இருந்திருப்பேனோ தெரியாது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

"அது செத்துப்போயிடும்ங்க. நல்ல தண்ணி ஒரு சொட்டு இல்ல. நெடிய முறிக்கிற மருந்து காலேஜ்ல பூட்டிக் கெடக்கு" என்றேன் கணவரிடம்.

அவர் என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். நேராகச் சமையலறைக்குள் போனார். திரும்பி வந்தபோது இடுப்பில் ஒரு மண்பானை இருந்தது.

"இது நேத்து சாயங்காலம் காய்ச்சுனது. ஒரு ராத்திரி ஆயிடுச்சு. பத்துமா?"

பத்தும். காய்ச்சினதில் நெடி எப்போதோ போயிருக்கும். பானை வேறு குளிரவைத்திருந்தது. ஒரே ஒரு குறை. "கொதிச்ச தண்ணில காத்து இருக்காதுங்க. அதுக்கு மூச்சு முட்டும்."

"ஆத்திட்டா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. கல்யாணத்துக்கு வந்த பெரிய எவர்சில்வர் தவலையைப் பரணிலிருந்து அத்தையே இறக்கிக் கொடுத்தார். என் கணவர் பின் அறைக்குள், ஆம், உள்ளே வந்து நின்றார். இரண்டு சொம்புகளை எடுத்துக்கொண்டு காபி ஆற்றுகிற மாதிரி தலைக்கு மேலிருந்து இடுப்புவரை தண்ணீரை ஆற்றி ஆற்றித் தவலையில் ஊற்றினார். கண்கள் மட்டும் விட்டத்திலேயே இருந்தன. பாதி தண்ணீர் அவர் வேட்டியில். நான் பிராணியை இரு கையாலும் ஏந்தித் தவலைக்கு மாற்றினேன். அவர் இரண்டாவது பானையைக் கொண்டுவரப் போனார்.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. அத்தை தவலைக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை மணி ஆயிற்று. சுருண்டிருந்த செவுள் ஒன்று மெல்லப் பின்னால் விரிந்தது. அடுத்தது விரிந்தது. அத்தைதான் முதலில் கவனித்தார்.

"சிரிக்குதுடீ!" என்றார்.

அது எப்போதும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை.

வீட்டில் குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் இல்லை. கணவர் ஜங்ஷனுக்கு சைக்கிளில் போய் ஆறு இளநீர் வாங்கிவந்தார். அத்தை ஒன்றை அண்ணாந்து குடித்துவிட்டு, "பல்லிக்குப் பானைத் தண்ணி, எனக்கு எளநீ. எனக்கொண்ணும் நஷ்டமில்லப்பா" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காலையிலிருந்து அடக்கிவைத்த பயமும் கோபமும் அதிலேயே போய்விட்டன. அத்தை இன்னும் நாலு நாள் இருந்தார். சொம்பைக் கையில் எடுக்கும்போதெல்லாம், "ஏம்மா, இது எத்தனாவது நாள் தண்ணி?" என்று கேட்டுவிட்டுத்தான் மொண்டார். போகிற அன்று டப்பின்மேல் ஒட்ட ஒரு சீட்டு எழுதச் சொல்லி, பசையை அவரே தடவினார்.

ஜூன் பிறந்தது. கல்லூரி திறக்கிற வெள்ளிக்கிழமை பக்கெட்டோடு துறைக்குப் போனோம். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கணவரும் கூட வந்தார். சார் ஏ.சி. அறையில் தொட்டியைத் தயாராக வைத்திருந்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"செவுளெல்லாம் இங்க இருந்ததைவிட நல்லா இருக்கே. திங்கக்கிழமை வந்து பாரும்மா, உன் அப்ளிகேஷனை எழுதிடலாம்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிராணியைத் தொட்டிக்கு மாற்ற பக்கெட்டுக்குள் கையை விடப் போனேன்.

"இரு" என்றார் கணவர். "காலையில தலைக்கு எண்ணெய் வெச்ச. ரூல் நம்பர் மூணு."

சார் என்னைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். உண்மைதான், விரலெல்லாம் தேங்காய் எண்ணெய்ப் பளபளப்பு. அவர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்தார். பக்கத்திலிருந்த நல்ல தண்ணீரில் இரண்டு கையையும் நனைத்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது, நெற்றியில் அந்த ஏ.சி.யிலும் வியர்வை. ஆனால் இந்த முறை அவர் விட்டத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, அதைப் பார்த்தபடியே, இரு உள்ளங்கையாலும் ஏந்தித் தொட்டிக்குள் இறக்கிவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சேலையூர் தாண்டியதும், கணவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஜில்லுனு இருந்துச்சு. நம்ம பானைத் தண்ணி மாதிரி" என்றார்.