எண்பத்தேழாவது ஜீப்

சூரியன் கிழக்கே உதிக்கும் என்று இரண்டாம் வகுப்பில் படித்தேன். அதைச் சரிபார்க்க ஒரு மனிதன் விமானத்தில் கடல் தாண்டி, ஜீப்பில் எரிமலை ஏற வேண்டும் என்பது எனக்கு அறுபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது.

இத்தனைக்கும் நாங்கள் குடியிருந்தது கிழக்குக் கடற்கரையில். தொண்ணூறுகள் முழுக்க அணுபுரம் குடியிருப்பில், இரண்டாம் மாடி, முப்பத்தாறு படி. எனக்கு அணுமின் நிலையத்தில் முதல் ஷிப்டு. பேருந்து ஐந்தே முக்காலுக்கு வரும். பதினோரு ஆண்டுகளில் நான் அதைத் தவறவிட்டது நான்கு முறை, நான்குமே ஓட்டுநர் சீக்கிரம் வந்ததால். எனக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்க என் மனைவி நாலேகாலுக்கு எழுவாள். எங்கள் சமையலறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. பொழுது விடியும்போது அவளுக்குத் தெரிந்த காட்சி, எதிர்க் கட்டடத்தின் குளியலறைக் குழாய்கள் ஆறு.

ஆண்டுக்கு இரண்டு முறையாவது கேட்பாள். "ஒரு நாள் விடியக்காலம் மாமல்லபுரம் போய் சூரியன் வர்றதைப் பார்த்துட்டு வரலாமா?"

"சூரியன் நாளைக்கும் வரும்" என்பேன். அது நகைச்சுவை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம்.

மாமல்லபுரத்துக்குப் போகாமல் இல்லை. உறவினர் வரும்போதெல்லாம் போனோம், நாற்பத்து மூன்று முறை. எல்லாம் மாலை நாலு மணிக்கு மேல், சூரியன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊருக்குள் இறங்கும் நேரம். அங்கே சரிவில் நிற்கும் அந்த உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிப்பதுபோல் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்ட எங்கள் உறவினர்கள் நூற்றுப் பதினேழு பேர். அவர்கள் கையை எடுத்த பிறகும் பாறை அங்கேயேதான் இருக்கிறது.

ஓய்வு பெற்றதும் புதுப்பட்டினத்தில் வீடு வாங்கினோம். எங்கள் வாசல் கதவிலிருந்து கடற்கரை மணல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது தப்படி. இவ்வளவு பக்கத்தில் இருக்கும் பொருளுக்கு யாரும் அவசரப்படுவதில்லை. விடியும்போது நான் பால் வரிசையில் நிற்பேன். அவள், யாருக்கும் ஷிப்டு இல்லாத வீட்டில், பழக்க தோஷத்தால் சமையலறையில் நிற்பாள்.

இந்த நிலையில்தான் எங்கள் மகன் குறுக்கிட்டான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்த அவன், எங்கள் முப்பத்தாறாவது திருமண நாளுக்கு ஜாவா தீவுப் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்தான். செங்கல்பட்டிலிருந்து பதினெட்டு பேர் குழுவாகப் போவது. பயணத் துண்டுப் பிரசுரத்தில் பதினொரு அம்சங்கள் அச்சிட்டிருந்தன. என் மனைவியின் விரல் ஐந்தாவதில் போய் நின்றது: எரிமலை மேல் ஜீப்பில் சென்று சூரியோதயம், வழிகாட்டியுடன்.

"அங்க போயாவது இதைப் பார்த்துடணும்" என்றாள்.

அந்த 'போயாவது' எனக்குக் குத்தியது. குத்தாதவன்போல, "அங்க வர்றதும் இதே சூரியன்தான்" என்றேன்.

"பார்த்துட்டு வந்து, இதேதானான்னு சொல்றேன்."

ஜாவா போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள், அதிகாலை இரண்டரைக்கு விடுதி அறையின் கதவைத் தட்டினார்கள். என் கைக்கடிகாரத்தில் மணி ஒன்று. ஒரு வாரப் பயணத்துக்காக இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒழுங்காக ஓடும் கடிகாரத்தைத் திருப்பிக் கெடுப்பானேன் என்று நான் இந்திய நேரத்திலேயே விட்டிருந்தேன். வேண்டும்போது ஒன்றரை மணி கூட்டிக்கொள்வேன். இரவு ஒரு மணிக்கு எழுந்து சூரியனைப் பார்க்கக் கிளம்புகிறவனை எங்கள் குடியிருப்பாக இருந்தால் மருத்துவமனைக்குத்தான் கூட்டிப்போயிருப்பார்கள்.

எங்கள் ஜீப்பில் நாங்கள் இருவர், செங்கல்பட்டுக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய், அவர் மனைவி. முன்னால் ஓட்டுநரும் வழிகாட்டியும். வழிகாட்டிக்கு மூன்று ஆங்கில வாக்கியங்கள் தெரியும்: நோ ப்ராப்ளம், வெரி ப்யூட்டிஃபுல், ஃபைவ் மினிட்ஸ். எந்தக் கேள்விக்கும் இந்த மூன்றில் ஒன்று பதிலாக வரும். எந்தக் கேள்விக்கு எது என்பதில் ஒழுங்கு கிடையாது.

அடிவாரத்தில் குளிருக்கு வாடகைக் கோட்டு கொடுத்தார்கள். எனக்கு முன் அதை அணிந்த அத்தனை பேரின் வாசனையும் அதில் இருந்தது. என் மனைவி சேலைக்கு மேல் முழங்கால்வரை தொங்கும் நீலக் கோட்டும் குரங்குக் குல்லாயும் போட்டுக்கொண்டு வந்தாள்.

பாயின் மனைவி சிரித்துவிட்டார். "அக்கா, வாட்ச்மேன் கணக்கா கீறீங்க!"

"நீங்க மட்டும் என்ன? ரெண்டு பேருமா ஏடிஎம் வாசல்ல போய் உட்காரலாம்."

ஜீப் ஏறத் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் என் மனைவி என் முட்டியைப் பிடித்தாள். முப்பத்து நான்கு முறை பிடித்தாள். நான் சூரியன் உதிக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளூர் நேரம் ஐந்து இருபது, என் நேரம் மூன்று ஐம்பது.

"இன்னா சார், வாட்ச்சயே பாத்துகினு கீறீங்க?" என்றார் பாய். "சூரியன் இன்னா ஷிப்டுக்கா வருது?"

முப்பத்து நான்காவது வளைவு தாண்டியதும் ஜீப் நின்றது. முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசையாக மலைமேல் போயின. வழிகாட்டி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து "ஃபைவ் மினிட்ஸ்" என்றான். கால் மணி நேரம் ஒரு சக்கரமும் அசையவில்லை. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கி எண்ணினேன். கண்ணுக்கு எட்டிய வளைவுவரை எண்பத்தாறு ஜீப். எங்களுடையது எண்பத்தேழாவது. சூரியன் இன்றைக்கும் உதிக்குமா என்று எனக்கு மட்டும் சந்தேகம் இல்லை போலிருக்கிறது.

நான் திரும்பி வந்தபோது பாய் சாலையோரம் ஒரு துண்டை விரித்து அதிகாலைத் தொழுகையை முடித்துக்கொண்டிருந்தார். சரியாக ஐந்து நிமிடம். அன்று அந்த மலையில் ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாகவே இருந்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு வழிகாட்டி கையாலும் காலாலும் உண்மையைச் சொன்னான். ஜீப் இதற்கு மேல் போகாது. உச்சிக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர், செங்குத்து. நடக்கலாம், அல்லது அதோ நிற்கும் மோட்டார் சைக்கிள்காரர்களின் பின்னால் உட்கார்ந்து போகலாம். என் மனைவிக்கு வலது முட்டி சரியில்லை. அணுபுரத்தில் முப்பத்தாறு படிக்கே இரண்டு இடத்தில் நிற்பாள்.

"நான் வண்டில போறேன்" என்றாள்.

"யார் வண்டில?"

"அதோ, மஞ்சள் ஹெல்மெட் போட்டிருக்கானே, அவன் வண்டில."

இதற்கு என்னிடம் ஏழு ஆட்சேபங்கள் இருந்தன. சரிவு, இருட்டு, சேலை, முட்டி, முன்பின் தெரியாத ஆள், ஹெல்மெட் அவனுக்கு மட்டும் இருப்பது, ஏழாவதாக பிரேக். விரல் விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நாலாவதிலேயே பாய் குறுக்கிட்டார். "சார், நீங்க ஏழும் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சூரியன் செங்கல்பட்டுக்குப் பூடும்."

அவள் சேலையைச் செருகிக்கொண்டு ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்துவிட்டாள். "நீங்களும் வாங்க" என்றாள்.

"ஜீப்புல அஞ்சு பை இருக்கு. யாராவது காவல் இருக்கணும்."

என்னை ஒரு கணம் பார்த்தாள். "ஏங்க, இந்தச் சூரியன் நாளைக்கு வராது. நாளைக்கு இந்நேரம் நாம ஏர்போர்ட்ல இருப்போம்."

வண்டி கிளம்பியது. அதன் பின்விளக்கு ஆடி ஆடி மூன்று வளைவு போனது. பிறகு தெரியவில்லை. பாயும் அவர் மனைவியும் வேறு இரு வண்டிகளில் பின்னாலேயே போனார்கள். அந்த ஐந்து பைகளில் இருந்தது பிஸ்கட்டும் மாத்திரையும்தான். யாரும் திருடியிருக்க மாட்டார்கள். எனக்கு அந்த மோட்டார் சைக்கிளில் ஏறப் பயம். எட்டாவது ஆட்சேபம் அது. இப்போதுதான் அதை வெளியில் சொல்கிறேன்.

ஐந்து இருபது ஆயிற்று. வானம் கறுப்பிலிருந்து சாம்பலுக்கும், சாம்பலிலிருந்து வெள்ளைக்கும் மாறியது. பனி. முன்னால் நின்ற எண்பத்தாறாவது ஜீப்பே பாதிதான் தெரிந்தது. மேலே பனிக்கு மேல் தெளிவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "வெரி ப்யூட்டிஃபுல்" என்றான் வழிகாட்டி. எங்கே என்று கேட்டேன். "நோ ப்ராப்ளம்" என்றான்.

ஆறேகாலுக்கு அவர்கள் திரும்பினார்கள். என் மனைவியின் மூக்கும் கன்னமும் குளிரில் சிவந்திருந்தன.

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்துது?"

குல்லாயைக் கழற்றி மடித்தாள். "என்னன்னு சொல்றது. தாம்பாளம் மாதிரி. செக்கச்செவேல்னு. நீங்க வந்திருக்கணும்."

பாய் அந்த நேரம் பார்த்துக் குனிந்து, ஷூவின் கயிற்றைக் கட்டுகிறவர்போல் வெகுநேரம் ஏதோ செய்தார். அவர் காலில் இருந்தது ரப்பர் செருப்பு. எண்பத்தாறு ஜீப்பை எண்ணத் தெரிந்தவனுக்கு அது உறைக்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு அந்தச் சூரியன் வளர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லும்போது தாம்பாளம் அண்டாவாகியது. கீரைக்காரியிடம் சொல்லும்போது எரிமலைப் புகையும் சேர்ந்துகொண்டது. பால் வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர் ஒரு நாள் திரும்பி, "உங்க வீட்டம்மா சொன்னாங்க. நீங்க கீழேயே பை பார்த்துக்கிட்டிருந்தீங்களாமே" என்றார். இருபத்திரண்டு நாள் நான் அந்தத் தெருவில் பைக்காரனாக வாழ்ந்தேன்.

இருபத்து மூன்றாம் நாள் செங்கல்பட்டில் ஒரு வேலை. பாயின் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். குத்துவிளக்குகளுக்கும் இட்லிக் கொப்பரைகளுக்கும் நடுவே உட்கார வைத்து, பயணத்தில் தான் எடுத்த புகைப்படங்களின் உறையைக் கொடுத்தார். முப்பத்தாறு படச் சுருளில் முப்பத்தொன்று தேறியிருந்தது. உச்சியில் எடுத்தவை ஒன்பது. ஒன்பதும் வெள்ளை. ஒன்றில் மட்டும் அந்த வெள்ளைக்கு நடுவே நீலக் கோட்டும் குரங்குக் குல்லாயுமாக என் மனைவி, காகிதக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை ஆண்டு என்று யோசித்தேன். அதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

"சூரியன் எங்க பாய்?"

"இன்னா சூரியன் சார்! ஒரே பனி. எதிர்ல கீற ஆளு தெரில. ஒரு மணி நேரம் டீ குடிச்சிகினு சிரிச்சிகினு..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, அக்கா சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க சார், பேஜாரா பூடும்."

திருக்கழுக்குன்றம் வழியாக வீட்டுக்கு வரும் பேருந்தில் அந்தப் படத்தைப் பதினோரு முறை எடுத்துப் பார்த்தேன். வீட்டில் அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது படங்களையும் அவள் முன்னால் வரிசையாக அடுக்கினேன். பாயைக் காட்டிக்கொடுக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அவள் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. "பனின்னு சொல்லியிருந்தா, அந்த ஏழு ஆட்சேபத்தையும் முதல்லேர்ந்து சொல்லியிருப்பீங்க" என்றாள்.

உண்மைதான். சொல்லியிருப்பேன். ஊருக்கு வந்தும் சொல்லியிருப்பேன்.

"அப்போ நீ இன்னும் பார்க்கலை."

"இல்லை." அடுத்த அவரைக்காயை எடுத்து நார் உரித்தாள்.

"நாளைக்குப் போகலாம்."

"எங்க?"

"எங்கன்னா? இதோ இருக்கே கடல்."

கத்தி நின்றது. "காப்பி நீங்க போட்டா வரேன். நாலேகாலுக்கு எழுந்தது எனக்குப் போதும்."

மறுநாள் நான் எழுந்தேன். ஒரு பெரிய தொழிற்கூடத்தில் ஆயிரம் வால்வுகளைக் கவனித்தவனுக்கு ஒரு பால் பாத்திரம் என்ன பெரிது? பால் பொங்கி அடுப்பை அணைத்தது. டிகாக்‌ஷன் இறங்க மறுத்தது. தீப்பெட்டி எங்கே இருக்கும் என்று கேட்க அவளை இரண்டு முறை எழுப்பினேன். ஃபிளாஸ்க்கோடு மணலுக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் உதித்துப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

அவள் மணலில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டாள். "பரவாயில்லை" என்றாள். "சூரியன் நாளைக்கும் வரும்."

என்னுடைய வாக்கியம், என்னுடைய குரலிலேயே. அதில் நகைச்சுவை எதுவும் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

இரண்டாம் நாள் பாலைப் பன்னிரண்டு நிமிடம் முன்னதாகவே அடுப்பில் வைத்தேன். நேரத்துக்குப் போனோம். மேகம்.

மூன்றாம் நாள் வந்தது. இரண்டு மீன்பிடிப் படகுகளுக்கு நடுவே, முதலில் ஒரு நகக் கீற்று, பிறகு பாதி, பிறகு தண்ணீரை விட்டு முழுதாகக் கழன்றது. இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. அதுவரை அவள் கையில் இருந்த காப்பியைக் குடிக்கவில்லை.

கடைசியில் அவளே சொன்னாள். "நல்லாத்தான் இருக்கு. அங்க மட்டும் பனி இல்லாம இருந்திருந்தா, இதைவிட நல்லா இருந்திருக்கும்."

காப்பியில் சர்க்கரை போதவில்லை என்றும் சொன்னாள்.